இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

ஊரடங்கு ஐந்து மணிக்குத்தான் விடும்,
கரண்ட் நாலுக்கே வரும்.
ஆகவே நேற்றிரவே வந்து
மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு
கோட்டோடு படுத்துவிட்டேன்
ஆய்வுக்கூடத்தில், மையவிலக்கிக்குப் பக்கத்தில்.

நாலு ஏழு. ஏழு நிமிடத் தாமதம்.
குழல்விளக்கு இரண்டு தும்மல் போட்டு எரிகிறது.
சன்னலுக்கு வெளியே கீவ் நகரத்தின் இந்தப் பகுதி மட்டும்
முறை வந்து விழிக்கிறது.
பொறி உறுமுகிறது.
ஏழு மணிவரை என் ராஜ்யம்.

குடுவைக்குள் இருப்பது பார்வைக்குச் சேறு.
டைட்டானியம், கரி,
நடுநடுவே அலுமினியம் என்று
அடுக்கடுக்காய் இருந்த தூள் அது.
அமிலம் அலுமினியத்தை மட்டும் தின்றது,
மற்றதைத் தொடவில்லை.
நாசூக்கான பசி.
ஒரு பகலும் ஓர் இரவும் தின்றபின்
எஞ்சியவை ஏடுகள்:
நீளம் உண்டு, அகலம் உண்டு,
கனம் என்று சொல்ல ஐந்தே அணு வரிசை.
மேக்ஸீன் என்று பெயர்.
ஒரு மயிரிழைத் தடிமனுக்குள்
பல பத்தாயிரம் அடுக்கலாம் என்று
கணக்குப் போட்டிருக்கிறேன்.
அடுக்கிப் பார்த்ததில்லை.

ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே இடுக்கு.
மின்னூட்டம் அங்கேதான் வந்து ஒண்டுகிறது,
மழைக்கு ஒதுங்குகிறவர்களைப் போல.
நொடியில் வரும், நொடியில் கிளம்பும்.
சாதாரண பேட்டரி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து.
இது நின்றபடி குடிக்கிற தேநீர்.

ஓரெஸ்த் இருந்தால் அழகாகச் சொல்வான்,
எடுத்துவிட்ட இடத்தில்தான் சேமிப்பு என்று.
ஓரெஸ்த் இப்போது ஹார்கிவ் பக்கம்
டிரோன்களுக்கு பேட்டரி கட்டிக்கொண்டிருக்கிறான்.
அவனுடைய ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை.
அங்கே எதுவும் சேரவும் இல்லை,
தூசியைத் தவிர.
உவமையை ஓர் அளவுக்குமேல் வளைத்தால் உடைகிறது,
எங்கள் படலத்தைப் போலவே.

எப்போதாவது அவனிடமிருந்து செய்தி வரும்:
இருக்கிறேன். பிஎச் எவ்வளவு?
நாலரை, என்று எழுதினேன் போன தடவை.
இன்னும் கழுவு, என்றான்.

டிசம்பரில் ஒரு தொகுதி போயிற்று.
மூன்று நாள் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது,
சுவரோர வெந்நீர்க் குழாய்கள் மட்டும்
ஏனோ விடாமல் கொதித்தன.
கறுப்பு முதலில் சாம்பலானது,
பிறகு பால்.
டைட்டானியம் ஆக்ஸைடு.
சுவருக்கு அடிக்கிற வெள்ளை.
நாலு மாத உழைப்பு,
ஒரு கரண்டி பெயிண்ட்.
சிரித்தேன். வேறு யாரும் அறையில் இல்லை.

இந்தக் கட்டடம் பழசு.
தாழ்வாரச் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி,
நடுவில் ஒரு சாண் இடைவெளி.
கூட்டிப் பெருக்க வரும் ஃப்ரோசினா
தன் பன்றிக்கொழுப்புப் பொட்டலத்தை
குளிர்காலம் முழுக்க அங்கேதான் வைப்பாள்.
வெளியே மைனஸ் பதினாலு.
ஊரைக் கொல்லும் குளிர் என் குடுவைகளுக்கு நல்லது,
உறைந்துபோனால் ஏடுகள் வெளுக்காது.
நகர்த்தி இடம் கேட்டேன்.
விஷமா, என்றாள்.
குடிக்காதவரைக்கும் இல்லை.
சரி, ஆனால் கொழுப்பின்மேல் ஒரு சொட்டு படக்கூடாது.

ஆறாவது கழுவல்.
மேல்நீர் கரும்பச்சையாக எழுகிறது.
ஏடுகள் ஒன்றையொன்று விட்டுவிட்டன.
பிஎச் தாளை நனைத்து
விளக்கடியில் நெடுநேரம் பிடித்திருந்தேன்:
ஆறு.

ஆறு ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம் முன்னதாகவே
எல்லாம் அணைந்தது.
மையவிலக்கி இறங்கி இறங்கி ஓய்ந்தது.
கையில் பொத்தான் அளவு ஒரு சோதனை மின்கலம்,
போன வாரத்து ஏடுகளால் ஆனது,
அப்போதுதான் நிரப்பியிருந்தேன்.
சிவப்பு எல்இடியின் கால்களில் வைத்தேன்.
பதினொரு நொடி எரிந்தது.
மேசைக்கடியில் உருண்டுபோன குடுவை மூடியை
அதற்குள் எடுத்துவிட்டேன்.

ஓரெஸ்துக்கு எழுதினேன்: ஆறு.
ஒற்றைக் குறி விழுந்தது.
கோபுரத்துக்கும் கரண்ட் போயிருக்கும்,
அவனுடையதோ என்னுடையதோ.

பதிவேட்டில், தடவித் தடவி, பென்சிலால்:
தொகுதி முப்பத்திரண்டு. கறுப்பு.
இருக்குமிடம் தாழ்வாரச் சன்னல்,
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே,
பன்றிக்கொழுப்புக்கு இடப்பக்கம்.